பட்டியலில் முதலாவதாக வந்த பெயர்

செந்தில்,

ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்தபோது நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்னது முழுவதும் கேட்டது. அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டேட்டாபேஸிலிருந்து உள்ளே வேலை செய்கிற யாரோ தகவல் எடுத்து வெளியே கொடுக்கிறார்கள், அது யார் என்று நீ எழுதிய புரோகிராம் கண்டுபிடித்துவிட்டது, க்ளெய்ம் செக்‌ஷனில் இருக்கும் ஒரு பெண், அவள் பெயர்தான் பட்டியலில் முதலாவதாக வந்திருக்கிறது, அடுத்த திங்கட்கிழமை ரிப்போர்ட் கொடுக்கிறாய். "வேலை போயிடும்பா, பாவம். ஆனா மெஷினுக்கு யார் மேலயும் கோபம் இல்லியே" என்றாய். அதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பழக்கமானது. உன் அம்மா போனை வாங்கிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். நான் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு நாளாக வேறு வேலை பார்க்காமல் எழுதுகிறேன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் சம்பளச் சீட்டு அடித்துக்கொடுத்த ஆள் என்றுதான் உனக்குத் தெரியும். உன் மாமா கல்யாண வீட்டிலெல்லாம் அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்துவார். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு என்பதை அவர் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. போகட்டும். நீ இன்றைக்குச் செய்கிற வேலையை, நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தபோதே நான் செய்தேன். இன்றைக்கு அதற்கு வைத்திருக்கும் பெரிய பெயரெல்லாம் எனக்குத் தெரியாது. ஆட்களின் பழக்கத்தை மெஷினுக்குக் கற்றுக்கொடுத்து, பழக்கம் மாறுகிறவனைக் காட்டச் சொன்னேன். அதுவும் காட்டியது. உன்னிடம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதைப் படித்துக்கொண்டே வந்தால் புரிந்துகொள்வாய்.

எங்கள் ஃபேக்டரியில் பம்புக்கான வார்ப்புகள் செய்தார்கள். நிரந்தரத் தொழிலாளர்கள் பாதி, கேஷுவல் பாதி. கேஷுவல் ஆட்கள் வேப்பம்பட்டு, திருநின்றவூர் பக்கத்திலிருந்து ரயிலில் வருவார்கள். அவர்களுடைய அப்பன்கள் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவர்கள் இரும்பு உருக்கும் இடத்தில் நின்றார்கள். இரண்டு வருடத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த எண்ணிக்கைக்காகத்தான் அவர்கள் காய்ச்சலோடும் வேலைக்கு வந்தார்கள். ஒருவன் கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டு மத்தியான ஷிஃப்ட்டுக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். நாளைக் குறித்துவைக்கும் வேலை எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நடந்தது. கேட்டில் பஞ்ச் செய்த கார்டுகள் மறுநாள் காலை வரும். அவற்றைப் பார்த்து யார் வந்தார், யார் வரவில்லை என்று மஸ்டரில் ஏற்றுகிறவன் எத்திராஜ்.

எத்திராஜ் சென்னீர்குப்பத்துக்காரன். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும்தான் அவன் படிப்பு. தினமும் சைக்கிளில் வந்து, சட்டையின் பின்பக்கம் வியர்வை காயும்வரை மின்விசிறிக்கு முதுகைக் காட்டி நிற்பான். அவனை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கு மட்டும் பிடிக்காது. காரணத்தையும் எழுதிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. நான் எழுதிய மஸ்டர் புரோகிராம் ஒரு லீப் வருடத்தில் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதியை ஏற்கவில்லை. புள்ளியியலில் முதல் வகுப்பு வாங்கியவன் செய்கிற தவறா அது என்று நீ கேட்கலாம். செய்தேன். அன்றைக்கு ஜெனரல் மேனேஜர் செக்‌ஷனைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். எத்திராஜ் எழுந்து நின்று, "சார், நம்ம புரொபசர் மிஷினுக்கு இன்னிக்கு லீவாம் சார். நாங்கல்லாம் வந்துகீறோம், அது மட்டும் வர்லியாம்" என்றான். ஜெனரல் மேனேஜர் சிரித்தார். அவர் சிரித்ததால் என் மேலதிகாரி வரதராஜனும் சிரித்தார். அன்றிலிருந்து ஃபேக்டரி முழுக்க எனக்கு அந்தப் பெயர்தான். கேன்டீனில் டீ கொடுக்கிறவன்கூட, "புரொபசருக்கு சக்கர கம்மியா" என்று கூவுவான். எத்திராஜ் அதை விரோதமாகச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் அதை விடவில்லை. நான் எதையும் விடுகிறவன் இல்லை என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள்.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள் வரதராஜன் என்னை அறைக்குள் கூப்பிட்டார். பர்சனல் ஆபீசர் தாமோதரனும் அங்கே உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு கேஷுவல் ஆட்களை நிரந்தரமாக்கக் கோரி யூனியன் லேபர் ஆபீசரிடம் மனு கொடுத்திருக்கிறது. மனுவோடு ஒரு பட்டியலையும் இணைத்திருக்கிறார்கள். இன்னார் இன்ன தேதியில் வேலைக்கு வந்தார், மஸ்டரில் வரவில்லை என்று இருக்கிறது என்று தேதிவாரியாக எழுதிய பட்டியல். மஸ்டரில் என்ன இருக்கிறது என்று யூனியனுக்கு எப்படித் தெரிந்தது? உள்ளே இருக்கிற எவனோ டேட்டாபேஸைத் திறந்து பார்த்துக் கொடுத்திருக்கிறான்.

"உங்களுக்குத்தான் ஏதோ ஸ்டாடிஸ்டிக்ஸ் எல்லாம் தெரியுமே, கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார் தாமோதரன். வரதராஜன் கதவைச் சாத்திவிட்டு, "ஏப்ரல்ல சிஸ்டம்ஸ் மேனேஜர் போஸ்ட் வருது. நான் உங்க பேரைத்தான் மனசுல வெச்சிருக்கேன்" என்றார்.

பத்து வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அதைவிடப் பெரிய ஆசையும் ஒன்று இருந்தது. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு நுழைகிறார், எந்தப் பதிவைத் திறக்கிறார், படிக்க மட்டும் செய்கிறாரா, மாற்றுகிறாரா என்று மெஷின் தானாகவே ஒரு லாக் எழுதிவைக்கும். அந்த லாக்கை ஆறு மாதத்துக்குப் படிக்கவைத்தால், ஒவ்வொருவரின் பழக்கமும் எண்களாகப் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவரவர் தன் பழக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறார் என்று மெஷின் மதிப்பெண் போடும். அதிக மதிப்பெண் வாங்கியவனைப் பிடித்து விசாரித்தால் போதும். யாரும் யார்மேலும் சந்தேகப்பட்டுச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். மூன்று வாரம் மதியச் சாப்பாட்டையும் மறந்து எழுதினேன். என் படிப்புக்குத் தகுந்த வேலையை நான் செய்தது என் சர்வீஸில் அந்த மூன்று வாரம் மட்டுமே.

பட்டியல் வந்தது. முதல் பெயர் எத்திராஜ். இரண்டாம் பெயருக்கும் அவனுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தினமும் காலை முந்தின நாளுடைய கார்டுகளை மட்டும் ஏற்றுகிறவன், மனுவுக்கு முந்தின மாதத்தில் ஒரு வாரம் முழுக்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய மாதங்களின் மஸ்டரைத் திறந்திருக்கிறான். எதையும் மாற்றவில்லை. முப்பத்தொரு பேரின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறான். பிரிண்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்று கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். என் புரோகிராம் தவறு செய்யவில்லை, செந்தில். அதை நீ முதலில் மனதில் வாங்கிக்கொள். தகவல் எடுத்தவன் அவன்தான். பிறகு அவனே ஒப்புக்கொண்டான்.

இப்போது அந்தப் பட்டியலின் கடைசிக்கு வருகிறேன். எல்லோரும் முதல் பெயரைப் பார்ப்பார்கள், நானும் பார்த்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் எண்களை முழுவதும் சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கடைசிப் பெயர் தாமோதரன். ஏறக்குறைய பூஜ்யம். அவ்வளவு ஒழுங்கான ஆள் யார் இருக்க முடியும் என்று அவருடைய லாக்கை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் கடைசி இரண்டு நாள் அவர் மஸ்டருக்குள் வருகிறார். வந்து, கேஷுவல் ஆட்களின் பதிவுகளில் சிலவற்றை 'வந்தார்' என்பதிலிருந்து 'வரவில்லை' என்று மாற்றுகிறார். யாருடைய எண்ணிக்கை நானூற்று எண்பதை நெருங்குகிறதோ அவர்களுடைய பதிவுகளை மட்டும். அந்த நாட்களுக்கான கூலியை கான்ட்ராக்டர் பெயரில் கொடுத்துவிடுவார்கள், அதனால் எந்தத் தொழிலாளியும் வந்து கேட்க மாட்டான். மாதம் தவறாமல் நடந்ததால், அது அவருடைய பழக்கம் என்று மெஷின் படித்துக்கொண்டது. நான்தான் படிக்கவைத்தேன். என் பாடத்தின் ஆறு மாதத்திலும் அந்தத் திருட்டு இருந்தது. ஒருநாள் மட்டும் செய்திருந்தால் அவர் பெயர் மேலே வந்திருக்கும். எப்போதும் செய்ததால் கீழே போய்விட்டது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அதிகாரியின் வேலை பரந்தது. அவர் எதைத் திறந்தாலும் அவருடைய வேலைக்குள் அடங்கும். எத்திராஜின் வேலை ஒரு கார்டு அகலம்தான். அவன் ஓரடி நகர்ந்தாலும் மெஷினுக்குப் பளிச்சென்று தெரியும்.

இதையெல்லாம் ரிப்போர்ட் கொடுப்பதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். பிறகு தெரிந்தது, யாரோ சொன்னார்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. வரதராஜனிடம் போய், "தாமோதரன் சார் லாகின்ல மாசக் கடைசி என்ட்ரி நிறைய இருக்கு, அதையும் ரிப்போர்ட்ல போடட்டுமா" என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல், "அது ரொட்டீன். உங்க புரோகிராம் அதை அப்நார்மல்னு சொல்லுதா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்புறம் நீங்க ஏன் சொல்றீங்க?"

நான் என் இடத்துக்கு வந்து ரிப்போர்ட்டை டைப் செய்தேன். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

உள்விசாரணை கேன்டீனுக்குப் பின்னால் இருந்த ட்ரெயினிங் அறையில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகக் கூப்பிட்டிருந்தார்கள். நான்தான் சாட்சி. புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக விளக்கினேன். எத்திராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். தான்தான் பார்த்ததாக முதலிலேயே சொல்லிவிட்டான். "கார்டு என் கையால ஏத்தனது சார். வந்தான்னு ஏத்தனவன் அடுத்த மாசம் பாத்தா வர்லன்னு கீறான். எனுக்குப் பைத்தியம் புடிச்சிகிச்சான்னு பழசெல்லாம் எடுத்துப் பாத்தேன்" என்றான். கார்டுகளைக் காட்டச் சொன்னார் வக்கீல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய கார்டுகளைக் காகிதக் கடைக்குப் போட்டுவிடுவது ஃபேக்டரி வழக்கம். அவை எப்போதோ போய்விட்டன. எத்திராஜ் என் பக்கம் திரும்பினான்.

"நைனா, நீ படிச்சவன். நான் பாத்தத உன் மிஷினு சொல்லிச்சி. சரி. நான் இன்னாத்தப் பாத்தேன்னு சொல்லிச்சா? எவன் மாத்தினான்னு அதுல கீதா இல்லியா, அத மட்டும் சொல்லிட்டுப் போ."

வக்கீல் அந்தக் கேள்வியை என்னிடம் நல்ல தமிழில் திருப்பிக் கேட்டார். மஸ்டரில் யாராவது முறைகேடாக மாற்றியதாக உங்கள் புரோகிராம் காட்டுகிறதா? தாமோதரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்ன பதில் அந்த விசாரணைக் காகிதத்தில் இன்னமும் இருக்கும்: "வழக்கத்துக்கு மாறான மாற்றம் எதையும் புரோகிராம் காட்டவில்லை." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை. அதைச் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய். பயம் இல்லை. லீவாம் என்று அவன் சொன்னபோது ஜெனரல் மேனேஜர் சிரித்தாரே, அது நினைவில் இருந்தது.

பதினைந்து நாளில் எத்திராஜை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவனை வைத்து மற்றவர்களுக்கும் பாடம் சொன்னார்கள். லாக் பதிந்த டேப்புகளை அழித்து மறுபடி உபயோகித்துக்கொள்ளும்படி வரதராஜன் எனக்குக் குறிப்பு அனுப்பினார். நானே அழித்தேன். முப்பத்தொரு பேரின் மனு ஆதாரமில்லை என்று தள்ளுபடியானது. அதற்குப் பிறகு அவர்களை ஒவ்வொருவராக வேலைக்குக் கூப்பிடாமல் நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில் சிஸ்டம்ஸ் மேனேஜர் வேலைக்கு வரதராஜனின் அக்காள் மகன் வந்து சேர்ந்தான். அவனுக்கு என் புரோகிராமை நானே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வருடம் ஒரு கருத்தரங்கில் மாமன், மருமகன் இருவர் பெயரிலும் அது கட்டுரையாக வந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. எத்திராஜுக்குச் செய்ததைவிட எனக்குச் செய்ததைத்தான் நான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அந்த விசாரணை நடந்த மாதத்தில்தான் உன்னை நான் பெல்ட்டால் அடித்தேன். உனக்கு நினைவிருக்கும். நான்கு மணிக்கு வீடு வந்து சேர்கிறவன் ஒரு வாரமாக ஐந்தேமுக்காலுக்கு வந்தாய். சிகரெட் என்றோ சினிமா என்றோ நானே முடிவு செய்துகொண்டேன். எங்கே போனாய் என்று கேட்காமல், ஏன் நேரம் மாறியது என்று கேட்டேன். கேட்டபடியே பெல்ட்டைக் கழற்றினேன். அம்பத்தூர் ஓ.டி.யில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில், அங்கே படிக்கிற உன் சிநேகிதனின் அண்ணனோடு உட்கார்ந்து, அவன் அடிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாய் என்று நீ இன்ஜினியரிங் சேர்ந்த பிறகுதான் உன் அம்மா சொன்னாள். "உங்ககிட்ட சொல்லிக் குடுங்கன்னு கேக்க அவனுக்கு பயம்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றிலிருந்து நீ என்னிடம் மார்க்கும் ரயில் நேரமும் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல்தடவையாக உன் வேலையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினாய். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும்.

போன மாதம் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு ஒருநாள் பூந்தமல்லிக்குப் போனேன். எத்திராஜ் அங்கே கோர்ட்டுக்கு எதிரில் மனு டைப் செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு புளியமரத்தின் கீழே, ப்ளாஸ்டிக் ஷீட் கட்டி, மேஜையும் டைப்ரைட்டரும் வைத்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைவிட ஏழு வயது சின்னவன். பக்கத்தில் அவன் மனைவி ஸ்டாம்ப் பேப்பர் விற்கிறவரின் ஸ்டூலில் உட்கார்ந்து காகிதங்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறவில்லை.

"வா நைனா. இன்னா, மனுவா?"

நான் யார் என்று தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா. புரொபசர். ஒக்காரு. ஏ, அந்த ஸ்டூல குடு" என்று மனைவியிடம் சொன்னான். அவள் எழுந்திருக்கவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். தாமோதரன் மாற்றியது எனக்கு அப்போதே தெரியும் என்றும், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும், எந்த நீதிமன்றத்திலும் வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவன் டைப்ரைட்டரில் மாட்டியிருந்த காகிதத்தை ஒரு வரி ஏற்றி, ஒரு வரி இறக்கினான்.

"எனுக்கும் தெரியும், நைனா. நீ போர்டுல படம் போட சொல்லோ உன் கை நடுங்கல. தெரியாதவனா இருந்தா நடுங்கிருக்கும். தெரிஞ்சவன்தான் அவ்ளோ சுத்தமா கோடு போடுவான்."

"அப்போ ஏன் நீ திரும்பக் கேட்கல?"

"கேட்டேனே. அங்கியே கேட்டேன். நீதான் புரோகிராம் சொல்லலன்னு சொல்ட்ட. அப்பால யாராண்ட போய்க் கேக்குறது, மிஷினாண்டயா?"

அவன் மனைவி ஊசியை வைத்துவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தாள். "எழுதிக் குடுத்தா உங்க மனசு லேசாவும். அந்த முப்பத்தொரு பேர்ல நாலு பேரு செத்தே பூட்டாங்க. ஒருத்தன் எங்க ஊட்டாண்டதான் கீறான், ஈரல் வீங்கி. அவன்கிட்ட போய்க் குடுங்களேன், ஃப்ரேம் போட்டு மாட்டிக்குவான்."

"சும்மா இரு" என்றான் எத்திராஜ். பிறகு என்னிடம், "கேஸு முடிஞ்சிப் பல வருசம் ஆவுது. டேப்பு கீதா? கார்டு கீதா? உன் வாயி மட்டும்தான் கீது. அன்னிக்கு அது ஒண்ணே போதும். இன்னிக்கு அது காகிதத்துக்கு ஆவாது. நீ ஊட்டுக்குப் போ" என்றான். மனு எழுத ஒரு கிழவர் வந்து நின்றார். எத்திராஜ் அவரிடம் ஊர்ப் பெயர் கேட்க ஆரம்பித்தான். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தேன். அவர்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் அந்த வாக்குமூலத்தை யாருக்கும் எழுதவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

நீ சொன்ன க்ளெய்ம் செக்‌ஷன் பெண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ போனில் சொன்னது இவ்வளவுதான்: அவள் முடிந்துபோன பழைய க்ளெய்ம்களை நூற்றுக்கணக்கில் திறந்து பார்த்திருக்கிறாள், அது அவள் வேலை இல்லை, அவள் பழக்கமும் இல்லை. அவள் திருடியாகவே இருக்கலாம். விலைக்கு விற்கிறவளாக இருக்கலாம். நான் அவளுக்காக வாதாடவில்லை. எத்திராஜ் நல்லவன் என்பதால் உலகத்தில் எல்லா க்ளார்க்கும் நல்லவர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் அவள் திறந்த ஃபைல்களை நீ திறந்து படித்தாயா? அவை யாருடைய க்ளெய்ம்கள்? யார் தள்ளுபடி செய்தது? தள்ளுபடி செய்தவர் அதை மாதம் தவறாமல் செய்கிறாரா? உன் பட்டியலின் கடைசி பத்துப் பெயர்களை எடுத்து வைத்துக்கொண்டு, இவர்கள் ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள் என்று ஒருநாள் யோசித்தாயா? நீ பாடமாகக் கொடுத்த மாதங்களில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? இதையெல்லாம் பார்க்க இரண்டு நாள் போதும். வெள்ளியும் சனியும் உனக்கு இருக்கிறது. ரிப்போர்ட் தாமதமானால் உன் மேனேஜர் முகம் சுளிப்பார். உனக்கு வரவேண்டியது வேறு ஒருவனுக்குப் போகலாம். போகட்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டும் அது வேறு ஒருவனுக்குத்தான் போனது.

மெஷினுக்கு யார்மேலும் கோபம் இல்லை என்று சொன்னாயே, அது சரிதான். அதனால்தான் கோபம் இருக்கிறவனுக்கு அது அவ்வளவு வசதியாக இருக்கிறது. அந்தப் பெண்ணோடு உனக்கு ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்று நான் கேட்கவில்லை. நீயே ஒருமுறை கேட்டுக்கொள். என்னைப் போல் நீ இருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நம்புவதற்கு நான் அதிகக் காரணம் எதையும் உனக்குக் கொடுத்து வளர்க்கவில்லை.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாக ஒன்று செய். அவளிடம் நேரில் போய், எதைத் தேடினீர்கள் என்று கேள். குற்றவாளியிடம் கேட்கிற மாதிரி கேட்காதே. எத்திராஜின் மேஜை என் மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. புரோகிராம் எழுதிய மூன்று வாரமும் அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்தால் என்னைத் தாண்டித்தான் போவான். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான், சொல்வதற்காகவே இரண்டு தடவை என் மேஜையருகே வந்து நின்றான் என்றுகூட இப்போது தோன்றுகிறது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். திங்கட்கிழமை சாயங்காலம் போன் செய். அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டாய் என்றால், உன் அம்மாவிடம் என்னைக் கூப்பிடச் சொல், அந்தப் பெண் சொன்னது எதுவாக இருந்தாலும் முழுவதும் கேட்கிறேன். கேட்காமலே பெயரை அனுப்பிவிட்டாய் என்றால், உன் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடு. நான் போனுக்கு வரமாட்டேன்.

அப்பா